பூசுதல்

“போகுதில்லையடி,” என்றாள் அம்மா.

ஈரத் துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் தேய்த்தாள். கட்டிலில் கிடந்த பெரியம்மாவின் தலை அந்தத் தேய்ப்புக்கு இலேசாக ஆடியது. வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது. உதடு மட்டும் அப்படியே சிவந்திருந்தது.

ஸ்ரெல்லா செம்பும் கையுமாகப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் மாற்றிக் கொடுப்பது அவள் வேலை.

“சுடுதண்ணியாலை துடைச்சாச்சு. தேங்காயெண்ணெய் போட்டாச்சு. சவுக்காரமும் போட்டாச்சு.” அம்மா துணியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகத்தான் இருந்தது. “ஒரு பொட்டுக்கூட ஒட்டேல்லை. சவுக்காரம் போட்டாப்பிறகு இன்னும் சிவந்துபோச்சு. இதென்ன சாமானடி செய்து குடுத்தனி?”

“சாயம், அம்மா.”

“சாயமெண்டு எனக்கும் தெரியும். கழட்டிற வழியைச் சொல்லு. சயன்ஸ் படிச்சனியெல்லே?”

சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது ஸ்ரெல்லாவுக்குத் தெரியும். அது எதில் கரையும் என்பதும் தெரியும். மதுசாரத்தில் கரையும். முன் அறையில், மேசைக்குக் கீழே, சவப்பெட்டி செய்ய வரும் தச்சர்களுக்கென்று அப்பா வாங்கி வைத்த சாராயப் போத்தல் இருந்தது. துணியின் நுனியை அதில் நனைத்து நாலு தரம் ஒற்றினால் போதும்.

“போகாது, அம்மா,” என்றாள்.

அம்மா துணியைச் செம்புக்குள் போட்டாள். “சனம் வரப்போகுது. பின்னேரம் சுவாமி வருவார். அறுபது வயசு மனிசி, புருசனும் இல்லை, சொண்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு பெட்டிக்குள்ளை கிடக்கிறா எண்டால் இந்தக் கடற்கரை முழுக்கச் சிரிக்குமடி. உயிரோடை இருக்கேக்கையும் என்னைத் தலைகுனிய வைச்சவ. இப்பவுமோ?”

சொல்லிவிட்டு அக்காவின் நெற்றியில் ஒட்டிய நரைமுடியை ஒதுக்கிவிட்டாள். அந்தக் கை மட்டும் மெதுவாக இருந்தது.

ஸ்ரெல்லா தண்ணீரை மாற்றுவதற்குக் கிணற்றடிக்குப் போனாள். அம்மாவிடம் அவள் பொய் சொல்கிறவள் அல்ல. பொய் சொல்வதற்கு நிறையக் கதைக்க வேண்டும். அவளுக்குக் கதைக்கவே வராது. ஆனால் பெரியம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

*

பெரியம்மா மரியநாயகி குருநகரில் பிறந்து, மலாயாவில் ரயில்வேக்காரரைக் கட்டி, அவர் இறந்தபின் யப்பான்காரன் வருவதற்கு முந்தின வருடம் ஊர் திரும்பியவள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தையல் மெசின், கறுப்பு எனாமல் பூசிய சின்னக் குழல் ஒன்று. குழலின் பக்கத்தில் இருந்த பிடியை உந்தினால் உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு நாக்கு மேலே வரும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பூசிக்கொண்டு பூசைக்குப் போனாள். அம்மா கூடப் போகவில்லை. பத்தடி பின்னால் போனாள்.

“வெக்கமாயில்லையே அக்கா உனக்கு?” என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“கோயிலிலை மாதாவைப் பாத்தனியோ?”

“பாத்தன்.”

“அவவின்ரை சொண்டு என்ன நிறம்?”

அம்மா குசினிக்குள் போய்விட்டாள். மாதா சுருவத்துக்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள்.

பிறகு சண்டை பெரிதாகிக் கப்பல்கள் நின்றுபோயின. சீனியும் மண்ணெண்ணெயும் அரிதாயின. சொண்டுச் சாயத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, பெரியம்மாவைத் தவிர. குழலின் அடியில் ஒட்டியிருந்ததைக் கொண்டையூசியால் தோண்டித் தோண்டி, திருநாட்களுக்கு மட்டும் பூசினாள். ஓர் உயிர்த்த ஞாயிறோடு அதுவும் முடிந்தது.

அதற்குப் பின்தான் கால் வீங்கத் தொடங்கியது. டாக்குத்தர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இருதயம் பெருத்துவிட்டது என்றார்.

“என்ரை மனசு பெரிசெண்டு இப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்,” என்றாள் பெரியம்மா.

டாக்குத்தர் சிரித்தார். முற்றத்துக்கு வந்து அப்பாவிடம் கதைத்தபோது சிரிக்கவில்லை.

இருதயம் களைத்தால் உதடு நீலம் பாரிக்கும். பெரியம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“நாவற்பழம் திண்டவள் மாதிரியெல்லே இருக்கு,” என்றாள். “பிள்ளை, இஞ்சை வா. கதவைச் சாத்து. என்னை இந்தச் சொண்டோடை பெட்டிக்குள்ளை வைக்கப்படாது. அங்கை என்ரை மனுசன் பாத்துக்கொண்டு நிப்பார். வந்ததும் வராததுமாய் நாவற்பழம் களவெடுத்துத் திண்டிட்டாள் எண்டு நினைப்பார்.”

“பெரியம்மா...”

“நீ செய்து தா.”

“நானோ?”

“நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலை அடுப்பு, போத்தல், தராசு எல்லாம் உன்ரை கையிலைதானே. அதென்ன, பீரங்கியே?”

ஸ்ரெல்லா “ஓம்” என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதே பெரிது என்பார்கள் வீட்டில். அந்த ஒரு சொல் அவளை ஒன்றரை மாதம் அலைத்தது.

*

பெரிய வித்தை இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். நிற்பதற்கு மெழுகு. வழுக்குவதற்கு எண்ணெய். தெரிவதற்கு நிறம். மூன்றும் ஒத்துப்போனால் சரி.

ஒத்துப்போகவில்லை. பீற்றூட் சாறு எண்ணெயோடு சேர மாட்டேன் என்று அடியில் தனியாக நின்றது. வண்ணார்பண்ணையிலிருந்து வரும் ரீச்சர் ஒருவர் குங்குமம் கொடுத்தார். “வேதக்காரர் வீட்டிலை குங்குமமோ?” என்று அம்மா கேட்டதைச் சட்டை செய்யாமல் அதைக் குழைத்துப் பூசிப் பார்த்தார்கள். பெரியம்மா கஞ்சியோடு தேசிக்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். புளி பட்ட இடமெல்லாம் மஞ்சளாக மாறிவிட்டது.

“டாக்குத்தர் மஞ்சட்காமாலையும் வந்திட்டுதெண்டு எழுதப்போறார்,” என்றாள் பெரியம்மா. “கொண்டுபோ, கொண்டுபோ.”

தேங்காயெண்ணெயில் செய்த குச்சி காலையில் அழகாக நின்றது. மத்தியான வெயிலுக்கு உருகித் தலையணையில் ஓடியது. “இது சாயமில்லை, மீன் குழம்பு.” ஆமணக்கெண்ணெய் தடிப்பு, அது நிற்கும் என்று ஸ்ரெல்லா சொன்னபோது பெரியம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

“பேதிக்குக் குடிக்கிற சாமானையோ? பூசினாப்போலை வயித்தாலை அடிக்காதோ?”

“நக்காட்டி அடிக்காது.”

“கதைக்கமாட்டாள் எண்டு சொல்லுறவை வந்து கேக்க வேணும்,” என்றாள் பெரியம்மா.

கடையில் வாங்கிய மெழுகுதிரி பொருக்குப் பொருக்காக உரிந்தது. தேன்மெழுகுதான் வேண்டும். வீட்டில் தேன்மெழுகு இருந்தது ஒரே இடத்தில், மாதா படத்துக்குப் பின்னால். மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்துக் கொடுத்த திரியை, யாருக்காவது சீவன் போகிற நேரம் கொளுத்துவதற்கென்று அம்மா பழந்துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஸ்ரெல்லா ஒருநாள் குருசு போட்டுக்கொண்டு, அதன் அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். மிச்சத்தை முன்போலவே சுற்றி வைத்தாள்.

நிறம்தான் கடைசிவரை அகப்படவில்லை. ஒருநாள் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் வெங்காயச் சவ்வைக் காட்டிக்கொண்டிருந்தாள். சவ்வுக்குச் சாயம் ஏற்றும் இயோசின் ஒரு துளி அவள் விரலில் பட்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கை கழுவினாள். போகவில்லை. பின்னேரம் குளித்தாள். போகவில்லை. அன்று படுக்கும்வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியர் மடத்து மதரிடம் அந்தப் போத்தலில் கொஞ்சம் கேட்டாள். “ஒரு பரிசோதனைக்கு” என்றாள். என்ன பரிசோதனை என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். மதர் கேட்கவில்லை.

இயோசினைத் தண்ணீரில் கரைத்தாள். சிவப்பாக, சாய்த்துப் பார்த்தால் பச்சை மினுக்கத்தோடு இருந்தது. அமிலம் சில துளி விட்டதும் சிவப்பு மறைந்தது. தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி அடியில் படிந்தது. அதை வடித்து, நிழலில் உலர்த்தி, ஆமணக்கெண்ணெய் விட்டுக் கல்லுரலில் அரைத்தாள். நகத்தில் தேய்த்தால் கரகரப்புத் தெரியாமல் போகும்வரை அரைத்தாள். மெழுகைக் கொதிநீருக்கு மேல் வைத்து உருக்கி, அரைத்ததைச் சேர்த்து, மெல்லிய துணியில் வடித்தாள். வார்ப்பதற்கு அச்சு இல்லை. பள்ளிக்கூடத்து வேலியோரம் பப்பாசி நின்றது. அதன் இலைத்தண்டு நேரானது, உள்ளே குழல். ஒரு துண்டை வெட்டி, அடியை அடைத்து, சூடாக ஊற்றிக் கிணற்றுத் தண்ணீரில் நிறுத்தினாள். இறுகியபின் தண்டைக் கீறி உரித்தாள். சுவாலையில் ஒருமுறை வேகமாகக் காட்டி எடுத்ததும் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. அதைப் பெரியம்மாவின் எனாமல் குழலுக்குள் பொருத்தினாள்.

தோடம்பழ நிறம்தான். ஆனால் மணிக்கட்டில் பூசிப் பார்த்தாள். பூசியபோது எண்ணெய் தடவியது மாதிரி இருந்தது. ஒரு பாடம் முடிவதற்குள் அந்த இடம் ரோசாப்பூவாகச் சிவந்திருந்தது. தோலில் பட்டால்தான் அது தன் நிறத்துக்கு வரும்.

காப்பை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை யாருடைய முகத்தையும் பார்க்காமல் கற்பித்தாள். அது நேற்றுக் காலை.

*

நேற்று மத்தியானம் பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா சிமியோன் வள்ளங்கள் வைத்திருப்பவர். கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சமாட்டார். வீட்டில் யாருக்காவது தடிமன் பிடித்தால் சாப்பிடமாட்டார்.

“சிமியோன், பிள்ளையைப் போய்க் கூட்டிக்கொண்டு வா. நான் இண்டைக்கே பூச வேணுமெண்டு சொல்லு. பிந்தினால் சரிவராது.”

அப்பாவுக்குச் சொண்டுச் சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூசுதல் என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும், அவஸ்தைப் பூசுதல். சாகப்போகிறவர்களுக்குச் சுவாமி வந்து எண்ணெய் பூசுவது. படலையைத் திறந்துகொண்டு ஓடியவர், பக்கத்து வீட்டு மார்கிரட்டைக் கண்டதும் “மச்சாள் பூசக் கேக்கிறா!” என்று மட்டும் சொன்னார். மார்கிரட் அடுப்பில் இருந்த உலையை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் அப்பா கண் கலங்கி நின்றார்.

“பெரியம்மா பூசக் கேக்கிறா, பிள்ளை. இண்டைக்கே வேணுமாம்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள் ஸ்ரெல்லா. “நானும் இண்டைக்கெண்டுதான் நினைச்சனான்.”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். தெருவில் அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. “படிச்சவைக்கு மனசு கல்லு,” என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது அவளுக்குக் கேட்டது. ஏன் சொல்கிறார் என்று விளங்கவில்லை.

பெரியம்மா தலை வாரி, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “கொண்டா,” என்று கையை நீட்டினாள். எனாமல் குழலைத் திறந்து பார்த்தவளுடைய முகம் சுருங்கியது. “என்னடி, தோடம்பழம் மாதிரி?”

“பூசினாப் பிறகு மாறும், பெரியம்மா.”

“எவ்வளவு நேரம் செல்லும்?”

“கொஞ்ச நேரம்.”

“எனக்கும் அவ்வளவுதான் இருக்கு. பூசு.”

வெளியே சைக்கிள் மணி கேட்டது. “வழி விடுங்கோ, சுவாமி வந்திட்டார்!” என்று மார்கிரட்டின் குரல். அம்மா குசினிக்குள் எதையோ போட்டு உடைத்தாள்.

“ஏனடி சுவாமி வாறார்?” என்று கேட்டாள் பெரியம்மா.

ஸ்ரெல்லாவுக்கு அப்போதுதான் அப்பாவின் கண்ணீர் விளங்கியது. “நீங்கள் பூசக் கேட்டனியளாம்,” என்றாள்.

பெரியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, மறுபடியும் சிரிப்பாக வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள்.

“அவரும் பூசட்டும். முதல் நீ பூசு.”

ஸ்ரெல்லா குழலின் பிடியை உந்தினாள். மேலுதடு, பிறகு கீழுதடு. கறுத்த நீலத்தின் மேல் சாயம் இருந்த இடமே தெரியவில்லை. எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். சுவாமியார் எண்ணெய்ச் சிமிழோடு உள்ளே வந்தபோது அவள் குழலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பாவசங்கீர்த்தனத்துக்காகக் கதவைச் சாத்தினார்கள். விறாந்தையில் எல்லாரும் முழந்தாளில் இருந்தார்கள். அம்மா மந்திரித்த மெழுகுதிரியை எடுத்துவந்து துணியை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“இது இதைவிட நீளமாயெல்லே இருந்தது?”

ஸ்ரெல்லா செபமாலையில் கவனமாக இருந்தாள்.

உள்ளே இப்போது மாறத் தொடங்கியிருக்கும் என்று நினைத்தாள். ஓரங்களில் முதலில். பெரியம்மா பாவங்களைச் சொல்லச் சொல்ல அவள் உதடு சிவந்துகொண்டு வரும். விறாந்தையில் செபமாலை ஒரு சுற்று முடிந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. பெரியம்மாவின் சிரிப்பு. அதோடு இன்னொரு சிரிப்பும், அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே வந்த ஆண்சிரிப்பு.

மார்கிரட் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். “என்ன பாவமோ,” என்றாள் மார்கிரட்.

கதவு திறந்தது. ஸ்ரெல்லா முதலில் பார்த்தது உதட்டைத்தான். ரோசாப்பூ. தான் செய்தது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அம்மாவும் கண்டுவிட்டாள். மெழுகுதிரி அவள் கையில் ஆடியது. சுவாமியாருடைய முகத்தில் ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதையும் சுவாமி வெளியே காட்டமுடியாது, அது அவருக்குள்ள கட்டளை. சாயத்தின் கதையைப் பெரியம்மா அதை யோசித்துத்தான் அவரிடம் சொல்லியிருப்பாள்.

லத்தீனில் செபித்துக்கொண்டு பெருவிரலால் எண்ணெயைத் தொட்டுப் பூசினார். கண்களில். காதுகளில். மூக்கில். உதட்டுக்கு வந்தபோது பெருவிரல் ஒரு கணம் நின்றது. பிறகு அங்கும் குருசு வரைந்தது. பஞ்சால் ஒற்றினார். கடைசியில், கறுப்பு மரத்தில் வெள்ளை எலும்பால் செய்து பதித்த, சிலுவையில் தொங்கும் யேசுவின் பாடுபட்ட சுருவத்தை அவள் முகத்தருகே பிடித்தார். பெரியம்மா இரண்டு கைகளாலும் அதைப் பற்றி, பாதத்தில் அழுத்தி முத்தமிட்டாள். கப்பலுக்கு வழியனுப்ப வந்தவர்களை முத்தமிடுவதுபோல் இருந்தது.

கிணற்றடியில் ஸ்ரெல்லா தண்ணீர் ஊற்றினாள். சுவாமியார் தேசிக்காயால் பெருவிரலைத் தேய்த்தார். புளிக்குச் சிவப்பு மங்கியது. அவர் முகம் தெளிந்தது.

“போயிட்டுது,” என்றார்.

சவுக்காரம் பட்டால் திரும்பி வரும் என்று ஸ்ரெல்லா சொல்லவில்லை.

அன்று பின்னேரம் முழுக்கப் பெரியம்மா கண்ணாடியை மடியில் வைத்திருந்தாள். “வடிவாயிருக்கோ?” என்று அப்பாவிடம் கேட்டாள். “நல்ல சுகமாயிருக்கிறியள் மச்சாள்,” என்றார் அப்பா. அவருக்குச் சாயம் தெரியவில்லை. சிவப்பைக் கண்டதும் பூசுதலால் உடம்பு தேறிவிட்டது என்று நம்பி, ஒரு மீனை முழுதாகச் சாப்பிட்டார்.

“கஞ்சி குடிச்சால் போகாதோ, பிள்ளை?”

“போகாது.”

“தண்ணியிலை?”

“போகாது, பெரியம்மா.”

“அது போதும்,” என்றாள்.

விடியற்காலை மணி அடித்தபோது அம்மா தேத்தண்ணீர் கொண்டுபோனாள். கண்ணாடி இன்னும் மடியில் இருந்தது.

*

இப்போது வீடு நிறைந்துவிட்டது. பெரியம்மாவுக்கு வெள்ளைப் பட்டு உடுத்தி, கையில் செபமாலை கோத்து, முன் அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முற்றத்தில் தச்சர்கள் பலகையை இழைத்தார்கள். அம்மா ஒரு சரிகை வலைத்துணியை முகத்துக்கு மேல் விரித்து, அது வாயை மறைக்கிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

மார்கிரட் வந்தாள். பின்னால் கடற்கரைப் பெண்கள் ஒரு கூட்டம். வந்ததும் வலைத்துணியைத் தூக்கினாள்.

அறையில் அழுகை நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ரை யேசுவே,” என்றாள் மார்கிரட். “சொண்டைப் பாருங்கோடி!”

பெண்கள் நெருங்கினார்கள்.

“நேற்று வரைக்கும் நாவற்பழமாய்க் கறுத்துக் கிடந்தது. நான் என்ரை கண்ணாலை கண்டனான். பூசுதல் பட்டாப்பிறகு எப்பிடி மாறியிருக்கு! செத்தாப்பிறகும் சிவப்பு நிக்குது பாருங்கோ. தானாய்க் கேட்டவவெல்லே. ஆருக்கடி அந்தக் குடுப்பினை வரும்? எங்கடை ஆக்கள் சுவாமியைக் கண்டாலே செத்துப்போவினம். இவ ஆளனுப்பிக் கூப்பிட்டவ. நான்தான் ஓடிப்போய்ச் சொன்னனான்.”

“அப்ப உந்த மலாயாச் சிவப்பு?” என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

“அது கழுவினால் போறது. இது போற சிவப்பே?”

ஒரு கிழவி குருசு போட்டாள். இன்னொருத்தி முழந்தாளில் இருந்தாள். அம்மா கண்ணைத் திறந்து ஸ்ரெல்லாவைப் பார்த்தாள். ஸ்ரெல்லா செம்பைப் பார்த்தாள்.

“தள்ளுங்கோ, முகத்தை ஒருக்கா வடிவாய்த் துடைச்சுவிடுவம்,” என்று மார்கிரட் இடுப்பிலிருந்து ஒடிக்கொலோன் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து லேஞ்சித் துணியில் ஊற்றினாள். அறை முழுக்க வாசனை வந்தது. பாதிக்கு மேல் மதுசாரம்.

லேஞ்சி பெரியம்மாவின் நெற்றியிலிருந்து இறங்கிக் கன்னத்துக்கு வந்தது.

“வேண்டாம், மாமி.”

ஸ்ரெல்லாவின் குரலை அந்தப் பெண்களில் பாதிப்பேர் முன்பு கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அவள் காதுவரை சூடேறியது.

“ஏன் பிள்ளை?”

எத்தனையோ நல்ல காரணங்கள் இருந்திருக்கும். அவளுக்கு வந்தவை வேறு. அப்பாவின் சாராயம், மதரின் போத்தல், வேலியோரத்துப் பப்பாசி எல்லாம் மனதில் வந்துபோயின.

“சுவாமி பூசின இடம்,” என்றாள்.

மார்கிரட் லேஞ்சியோடு நின்றாள். “வாசனைக்குத்தானே பிள்ளை. ஒருக்கா ஒத்தினால் என்ன...”

“துடைக்கப்படாது,” என்றாள் அம்மா.

காலை முழுவதும் சுடுதண்ணீரும் தேங்காயெண்ணெயும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்த அம்மா எழுந்து வந்து, மார்கிரட்டின் கையிலிருந்து லேஞ்சியை வாங்கினாள். குனிந்து, அதை அக்காவின் பாதங்களில் ஒற்றினாள்.

“அவவின்ரை முகத்திலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. அப்பிடியே போகட்டும்.”

வலைத்துணியை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

*

பின்னேரம் சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவே கடற்காற்று அடித்தது. பெட்டியை மூடும் முன் சுவாமியார் தண்ணீர் தெளித்தார். அவருடைய பெருவிரல் சிவந்திருந்தது. காலைப் பூசைக்கு முன் சவுக்காரம் போட்டுக் கை கழுவியிருப்பார் என்று ஸ்ரெல்லா நினைத்தாள்.

அப்பா பெட்டியின் தலைமாட்டில் நின்று, “நேற்று என்ன சுகமாய் இருந்தவ,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார்.

செபம் முடிந்ததும் சுவாமியார் இடுப்பிலிருந்த பாடுபட்ட சுருவத்தை எடுத்தார். அதே கறுப்பு மரம், அதே வெள்ளை எலும்பு. வீட்டார் முத்தமிட்டு முத்தி செய்வதற்காக நீட்டினார். அதன் பாதத்தில் ஒரு பூவிதழ் அளவில் சிவப்பு இருந்தது. எலும்பை இயோசின் நன்றாகப் பிடிக்கும். தேசிக்காய் போட்டுப் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. அவர் பெருவிரல் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அவர் ஸ்ரெல்லாவைப் பார்த்தார். ஸ்ரெல்லா அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் கடல் பக்கம் பார்த்தார்கள்.

அப்பா முத்தி செய்தார். அடுத்தது அம்மா. குனிந்தவள், அந்தச் சிவப்பைக் கண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு அந்த இடத்திலேயே முத்தமிட்டாள். முத்தி செய்வதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூட எடுத்தது.

நிமிர்ந்து, கூட்டத்தை விட்டு ஓரடி விலகி நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, தன் உதட்டை ஒரு விரலால் தொட்டாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.